வைராக்கியம் இருக்கிறது, வாசிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படங்களோடு செய்தி வந்திருந்தது. ஆலயங்கள் நிரம்பி, வெளியே பந்தல் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள், மும்பையில் வேலை பார்ப்பவர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து, புத்தாண்டு ஆராதனை முடிந்த பிறகுதான் திரும்புவார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது கண்ணீரோடு முழங்காலில் நிற்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்த வைராக்கியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மதிப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டும்.

நான் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கும், பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பெரியவர்களுக்கும் வேதபாடம் எடுக்கிறேன். இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. வேதத்தை வாசிக்கிறவள், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கிறவள். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

நம் சபைகளில் பாட்டு இருக்கிறது, உபவாச ஜெபம் இருக்கிறது, இரவு முழுக்க விழித்திருக்கிற ஜெபம் இருக்கிறது, காணிக்கை இருக்கிறது. கன்வென்ஷன் என்றால் வேன் பிடித்துப் போகிறோம். ஆனால் யாரை நம்பி இவ்வளவும் செய்கிறோமோ, அவரைப் பற்றிய புத்தகத்தை ஒரு அதிகாரம் முழுதாக, யார் யாருக்கு எப்போது சொன்னது என்று கேட்டு வாசிப்பது குறைந்துகொண்டே போகிறது. வசனம் தெரிகிறது, வசனம் இருக்கிற இடம் தெரியவில்லை. இது வெறும் படிப்புக் குறை என்றால் நான் பத்திரிகைக்கு எழுத மாட்டேன். இதனால் மனிதர்கள் காயப்படுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் தன் சொந்த ஜனமான யூதரைப் பற்றி ரோமர் 10-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்: "தேவனைப்பற்றி அவர்களுக்கு வைராக்கியமுண்டென்று அவர்களைக்குறித்துச் சாட்சிசொல்லுகிறேன், ஆகிலும் அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல." இதை அவர் எட்ட நின்று சொல்லவில்லை. முந்தின அதிகாரத்தில்தான் அவர்களுக்காகத் தன் இருதயத்தில் இடைவிடாத மனவேதனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றியும் பிலிப்பியருக்கு எழுதும்போது, பக்தி வைராக்கியத்தின்படி சபையைத் துன்பப்படுத்தினவன் என்கிறார். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் இருந்தவர் அவர். அன்றைக்கும் அவருக்குப் பக்தியில் ஒரு குறையும் இருந்ததில்லை. அனல் மட்டும் இருந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை அனுபவித்து அறிந்தவருடைய வார்த்தை அது.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையையே எடுத்துக்கொள்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தட்டில் அட்டைகளை வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். சிறுபிள்ளைகளின் கையால் எடுக்கச் சொல்வார்கள். அந்த அட்டை ஆண்டு முழுவதும் நிலைக்கதவிலோ, பீரோ கண்ணாடியிலோ, கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலேயோ ஒட்டியிருக்கும். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். படிக்காதவர் வீட்டுக்குள்ளும் ஒரு வசனம் நுழைகிறதே. அப்படி வருகிற வசனங்களில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

இந்த ஆண்டுக்குள் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும், விசா வரும் என்றுதான் இதை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். மேடையிலும் அப்படியே பிரசங்கிக்கிறார்கள். சரி, அந்த அதிகாரத்தைத் திறந்து வாசித்தால் என்ன இருக்கிறது?

அது ஒரு கடிதம். எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதினது. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகொனியா ராஜாவையும், அவனோடு பிரபுக்கள், தச்சர், கொல்லர் என்று வேலை தெரிந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போயிருந்தான். போனவர்கள் சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று காத்திருந்தார்கள். இந்தச் சமயத்தில் எருசலேம் ஆலயத்திலே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும், ராஜாவும் வருவார், ஆலயத்துப் பணிமுட்டுகளும் வரும் என்று அறிவித்தான். அது முந்தின அதிகாரத்தில், 28-ல் இருக்கிறது. பாபிலோன் ராஜாவுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி எல்லார் கண்முன்னும் உடைத்தான். எப்பேர்ப்பட்ட கூட்டமாக இருந்திருக்கும்! ஜனங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. அனனியா சொன்னது நடந்தால் நல்லது என்ற ஆசை எரேமியாவுக்கும் இருந்தது. அவரும் அந்த ஊர்க்காரர்தானே. ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று சொல்ல அவர் துணியவில்லை. அனனியா துணிந்தான். அந்த வருஷத்திலேயே, ஏழாம் மாதத்தில் அவன் இறந்துபோனான் என்று அதிகாரம் முடிகிறது.

அதற்கு அடுத்தபடியாகத்தான் இந்தக் கடிதம் வருகிறது. அதில் எரேமியா முதலில் சொல்வது, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்பது. அப்புறம், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் சமாதானம் என்கிறார். பிறகு பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள். அதற்கு அடுத்ததுதான் நம் அட்டையில் இருக்கிற பதினோராம் வசனம்.

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊரைத் திரும்பப் பார்க்கவே போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் கர்த்தர், நான் உங்களை மறக்கவில்லை, என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று சொல்கிறார். இதைக் கேட்டு எல்லாரும் அல்லேலூயா சொல்லவில்லை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே எருசலேம் ஆசாரியனுக்கு நிருபம் அனுப்பி, சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும் என்று எழுதின இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று கேட்டான். அதுவும் இதே அதிகாரத்தில் இருக்கிறது.

இதை எங்கள் சங்கத்தில் முழுதாக வாசித்தோம். அட்டை கொடுத்த ஆறுதலை நான் கெடுத்துவிடுவேனோ என்று சிலருக்குச் சந்தேகம் இருந்தது. நடந்தது வேறு. சவூதியில் தம்மாமில் மகனை வைத்திருக்கிற ஓர் அம்மா, "அப்போ அவன் இருக்கிற ஊருக்காகவும் நான் ஜெபிக்கணும், இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். அதுவரை அவர் மகனுக்காக மட்டும்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் தன் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிற ஊர் என்றுதான் நினைத்திருந்தார். இன்னொருவர் விதவை. முருங்கைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவர். எழுபது வருஷம் என்ற வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "எனக்கு இந்த வருஷம் ஒண்ணும் நடக்கலேன்னா கர்த்தர் கைவிட்டுட்டார்னு அர்த்தமில்லே" என்று அவரே சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அல்ல அது. அன்றைக்கு அவர்கள் செய்த ஜெபம் போல நள்ளிரவு ஆராதனையில்கூட நான் கேட்டதில்லை. அதிகாரத்தை வாசித்ததால் அவர்களுடைய பக்தி எந்த விதத்திலும் குறையவில்லை. கால் ஊன்ற இடம் கிடைத்தது.

இப்போது, காயப்படுகிறார்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். யார் நடத்தியது என்று இங்கே எழுதப் போவதில்லை. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53:5-ஐச் சொல்லி, குணமாகிவிட்டது என்று வசனம் சொல்லும்போது மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று பிரசங்கித்திருக்கிறார்கள். அக்கா நிறுத்திவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைப் பிரித்து மாத்திரைகளைத் தினமும் வெளியே எறிந்திருக்கிறார். காலில் சின்னப் புண் வந்து, ஆறாமல், கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதைவிட எனக்கு வேதனையாக இருந்தது, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் சொன்னது. "என் விசுவாசம் பத்தலே" என்றார். விரல்களையும் இழந்து, பழியையும் தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

தெய்வீக சுகத்தை நான் மறுக்கவில்லை. இயேசு வியாதியஸ்தரைக் குணமாக்கினதைச் சொல்லும்போது மத்தேயு 8:17-ல் அதே ஏசாயா 53-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார். வியாதிக்காக ஜெபிக்கிறோம், ஜெபித்துக்கொண்டே இருப்போம். ஆனால் அதே வசனத்தைப் பேதுரு எங்கே எடுத்துச் சொல்கிறார்? முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், முரட்டு எஜமான்களிடம் அநியாயமாக அடிபடுகிற வேலைக்காரர்களிடம் பேசும்போது. "நாம் பாவங்களுக்குச் செத்து, நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு" கிறிஸ்து நம் பாவங்களைச் சுமந்தார், அவருடைய தழும்புகளால் குணமானீர்கள், சிதறின ஆடுகளாக இருந்தவர்கள் மேய்ப்பனிடத்தில் திரும்பினீர்கள் என்கிறார். மாத்திரையைத் தூக்கி எறி என்பதற்கு இதில் இடமே இல்லை.

வேதத்தில் மருந்தும் இருக்கிறது. எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் இருந்தபோது, பிழைப்பாய் என்று கர்த்தருடைய வாக்கு வந்த பிறகும், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயாதான். அதே ஏசாயா, அதே புத்தகம், 38-ஆம் அதிகாரம். பவுலுடைய உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டதில் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ல் வாசிக்கிறோம். அந்தப் பவுல்தான், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று கடைசி நிருபத்தில் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வருகிற வயிற்றுப் பலவீனத்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதிப்பட்டதையும் எழுதுகிறார். இவர்களில் யாருக்காவது விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வரியாவது எழுதினாரா? அவரோடு கூடவே இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் சொல்கிறார். இந்த வசனங்களில் ஒன்றையாவது அக்காவுக்கு முன்பே யாராவது திறந்து காட்டியிருந்தால் அவருடைய விரல்கள் தப்பியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் நாங்கள் போய் வாசித்தோம். துரோப்பீமு என்ற பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை என்றார். இப்போது மாத்திரையை ஜெபம் பண்ணிவிட்டுப் போடுகிறார்.

காணிக்கை விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற மல்கியா 3:10 எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் தாமே சாட்சியாக வருவேன் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரம் ஆசாரியர்களுக்குக் கண்டனத்தோடுதான் தொடங்குகிறது. பத்தாம் வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் ஐந்தையும் வாசிக்கட்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த சபைகள் எங்களுடையவை.

இப்படிப் பேசினால் உடனே இரண்டு வசனங்களை எடுத்து நீட்டுகிறார்கள். "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்பது ஒன்று. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்பது இன்னொன்று. இவற்றையும் இருக்கிற இடத்தில் வைத்து வாசிக்கச் சொல்வேன். முதலாவது, கற்பலகையில் எழுதின பழைய உடன்படிக்கையையும் ஆவிக்குரிய புதிய உடன்படிக்கையையும் பவுல் ஒப்பிடுகிற இடம். வேதத்தை வாசிப்பதற்கு எதிரான பேச்சு அல்ல. இரண்டாவது, விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வியில், விஷயம் தெரிந்தவர்கள் பலவீனமான சகோதரனை இடறப்பண்ணியதைப் பற்றியது. அந்த எச்சரிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வேதம் தெரிந்தவர் தெரியாதவரை மட்டம் தட்டுவதை எங்கள் சபையிலேயே பார்த்திருக்கிறேன். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் வாயை அடைக்க வசனம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து அன்பு என்று பவுல் அங்கேயே சொல்லிவிட்டார். அறியாமை மருந்து என்று அவர் சொல்லவில்லை.

ஆவியின் அனலும் வேதத்தைப் புரிந்துகொள்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவோடு எம்மாவு வழியில் நடந்த சீஷர் இருவர் என்ன சொன்னார்கள்? "வேதவாக்கியங்களை நமக்கு விளங்கக்காட்டினபொழுது, நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்றார்கள். விளங்கினபொழுதுதான் எரிந்தது. நெகேமியா 8-ல் எஸ்றா காலைமுதல் மத்தியானம்வரை வாசித்தார். லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினார்கள். ஜனங்கள் முதலில் அழுதார்கள், பிறகு தங்களுக்குச் சொன்ன வார்த்தைகளை உணர்ந்ததினாலே போய்ச் சாப்பிட்டுக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்பி, மகிழ்ந்தார்கள். ஆட்டம் பாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெகேமியா காலத்து ஜனங்களைப் போல, கேட்டது இன்னதென்று தெரிந்து பாடுவோம்.

வைராக்கியம் தப்பின இடங்கள் சபைச் சரித்திரத்தில் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-ல் உள்ள 2300 நாட்களை வருஷங்களாகக் கணக்குப் போட்டுக் கிறிஸ்துவின் வருகையைச் சொன்னார். அவரைப் பின்பற்றினவர்கள் 1844 அக்டோபர் 22-ஆம் நாள் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். நமக்குப் பக்கத்தில், திருவிதாங்கூரில், யுஸ்துஸ் யோசேப்பு என்ற போதகர் 1881-ஐக் குறித்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவராகி, மலையாளத்தில் அருமையான ஞானப்பாட்டுகள் எழுதினவர். அவற்றை இன்றும் பாடுகிறார்கள். அவருடைய பக்தியைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மில்லரும் வேதம் வாசிக்காதவர் அல்ல, எந்தச் சொல் எந்த வசனத்தில் இருக்கிறது என்று காட்டுகிற ஒத்துவாக்கியப் புத்தகத்தை வைத்து வருஷக்கணக்கில் வாசித்தவர். ஆகவே வாசித்தால் மட்டும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர ஒருவரும் அறியார் என்று மத்தேயு 24-ல் ஆண்டவர் சிறுபிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார். தெளிவான வசனத்தின் வெளிச்சத்தில்தான் கடினமான வசனத்தைப் பார்க்க வேண்டும். தனியாகக் கணக்குப் போடாமல், கேள்வி கேட்கிற நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். இன்றைக்குக் கைபேசியில் வருகிற வருகைக் கணக்குகளைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பயந்துபோய் என்னிடம் வருகிறார்கள். மத்தேயு 24-ஐ முழுதாக வாசித்துக் காட்டி அனுப்புகிறேன்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர். இருதயத்தின் அனலுக்குப் பேர்போன இயக்கம் அது. வீடுகளில் சிறு கூட்டமாகக் கூடி வேதம் வாசிப்பதும் அவர்களிடமிருந்துதான் பரவியது. அவர் இங்கே பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்து, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் போன இடமெல்லாம் பள்ளிக்கூடம் வைத்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடமாக இருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். என் பாட்டி பனைவேலை செய்கிற வீட்டில் பிறந்தவர். வேதம் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துப் படித்தவர். உபதேசியார் சாயங்கால ஜெபம் முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாராம். பாட்டிக்கு வேறு புத்தகம் தெரியாது. ஆனால் ரூத் புத்தகத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்வார். கருப்பட்டி காய்ச்சிக்கொண்டே நகோமியின் துக்கத்தைப் பற்றிப் பேசுவார். இன்றைக்கு அவருடைய கொள்ளுப்பேத்தியின் கைபேசியில் பல மொழிகளில் வேதாகமம் இருக்கிறது. வரும் செய்தியெல்லாம் முப்பது விநாடி வீடியோ.

இளைஞர்களைக் குறை சொல்லி ஒதுங்குவது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் கபடி பனியனில் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று அச்சடித்திருந்தார்கள். பிலிப்பியர் 4:13. அவர்களை உட்கார வைத்து, பவுல் கட்டப்பட்டிருந்த இடத்திலிருந்து இதை எழுதினார், முந்தின வசனத்தில் பசியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறார் என்று காட்டினேன். ஒருவன், "அப்போ தோத்தாலும் இந்த வசனம் நமக்குத்தான்" என்றான். அந்தப் பையன் இப்போது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான்.

ஐயர்மாருக்கு, அதாவது எங்கள் சபைப் போதகர்களுக்கு, என் வேண்டுகோள் இது. ஒரு ஐயர் ஏழெட்டு சபைகளைப் பார்க்கிற சேகரங்களில் அவரே எல்லாம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். வேதத்தில் அதற்கும் வழி இருக்கிறது. ஆதிசபைப் பிரசங்கியான அப்பொல்லோ "ஆவியில் அனலுள்ளவன்", சாதுரியன், வேதாகமங்களில் வல்லவன். ஆனாலும் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தான். ஜெபஆலயத்தில் அவன் பிரசங்கித்ததைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவர்கள் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். ஒருத்தி பெண். அப்பொல்லோவும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டான். அப்படி ஆக்கில்லாக்களும் பிரிஸ்கில்லாக்களும் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்ஸ்கள், தையல் வேலை செய்கிற பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், வகுப்பு எடுக்க இடம் கொடுங்கள். ஆராதனையில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று பாடங்கள் வாசிக்கிறோம். பிரசங்கம் அவற்றில் ஒன்றையாவது விளக்கட்டும். கன்வென்ஷன் நடத்துகிறவர்கள் நாள்தோறும் ஒரு மணிநேரமாவது ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து வாசித்து விளக்கட்டும். பிரசங்கியாரிடம் "இது எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள். பவுல் சொன்னதையே தினந்தோறும் ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை வேதம் "நற்குணசாலிகள்" என்கிறது.

கத்தோலிக்க சபையில் இருக்கிற என் தோழிகள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டங்களில் ஞாயிறு வாசகத்தை முன்கூட்டியே வாசித்துப் பேசுகிறார்கள். புனித ஜெரோம், வேதத்தை அறியாதிருப்பது கிறிஸ்துவை அறியாதிருப்பது என்று எழுதியிருப்பதை அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். எங்களுக்கும் அதே வார்த்தைதான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வரப்போகின்றன. எங்கள் சங்கத்தில் இந்த முறை மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை வாசிக்கப்போகிறோம். பதினாறு அதிகாரங்கள்தான், பெரிய வெள்ளிக்கு முன் முடித்துவிடலாம். கண் தெரியாத பாட்டிமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு வாரமும் வாசித்து முடித்த பிறகு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் தெரியாத கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு ஐயரிடம் கேட்போம். மற்ற சபைகளும் அவரவர் ஊரில் இப்படி ஒரு புத்தகத்தைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லெந்து தொடங்குவதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்